பாட்டு காதைக் குத்துகிறதா? ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: எங்கள் ஹால் 12க்கு 15 அடி. தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல். அலுமினிய டோம் ட்வீட்டர் (உச்ச ஒலியைத் தரும் சிறு பகுதி) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருக்கிறேன். பாடகர் ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும்போது காதில் ஊசி ஏற்றுவது போல இருக்கிறது. அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது. ஆம்ப்பையும் கேபிளையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டைல்ஸும் கண்ணாடியும் வெற்றுச் சுவரும் சேர்ந்த அறையில் எந்த ஆம்ப்பை வைத்தாலும் இதே குத்தல்தான் கேட்கும். ஆனால் அறைமீது பழியைப் போடும் முன் இணைப்பைச் சரிபார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், பல வீடுகளில் கோளாறே அங்கேதான் இருக்கும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், தாழ்ந்த ஒலியைத் தரும் இரண்டு ஊஃபர்களும் எதிரெதிராக இயங்கி அந்தத் தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேஸ் போனால் மிஞ்சுவது ட்ரெபிள் எனும் உச்ச ஒலிதான். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நட்டநடுவே ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். பரந்து கலங்கிக் கேட்டால், ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிக் கொடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் நான்கு முனைகள் இருந்தால், மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் தகடு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் மேல் ஜோடியில் இருந்து தகடு விட்டுப்போயிருந்தால் ஊஃபர் பாடவே பாடாது. பின்பக்கத் துளையில் பஞ்சு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது பேஸைக் குறைக்கும். ஃபோன் செயலியில் ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. ஸ்பீக்கருக்கு இரண்டடி தூரத்தில், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து அதே பாட்டைக் கேளுங்கள். அவ்வளவு அருகில் நேரடி ஒலிதான் ஓங்கியிருக்கும், சுவரில் பட்டு வருவது அடங்கிவிடும். குத்தல் கணிசமாகக் குறைந்தால் குற்றவாளி அறை. அப்படியே இருந்தால் ஸ்பீக்கர் அல்லது பாட்டின் பதிவு. உங்கள் ஹாலின் விவரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் இருக்கும்.

அறையில் முதல் வேலை ஜன்னல். மெல்லிய நெட் திரை உதவாது. கனமான துணியில், ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். கண்ணாடியை ஒட்டாமல் அரை அடி தள்ளித் தொங்கினால் இன்னும் நல்லது. அடுத்து, உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தரை. ஒற்றை ஜமுக்காளம் மெல்லியது, உச்சஸ்தாயியில் கொஞ்சம்தான் உறிஞ்சும். அடியில் ஃபெல்ட் விரித்து, மேலே தடித்த கம்பளம் போடுங்கள்.

பக்கச் சுவரில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் ஸ்பீக்கர் உயரத்தில் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். எங்கே உங்களுக்கு ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் திரும்பி உங்கள் காதுக்கு வருகிறது. காசு செலவழிக்கும் முன், அந்த இடத்தில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் 2க்கு 4 அடி மரச் சட்டத்தில் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் இழைப் பலகை), கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் வைத்து, காற்று புகும் துணியால் மூடி மாட்டலாம். ராக்வூலைக் கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொடாதீர்கள்.

முட்டை அட்டையையும் கால் அங்குல ஃபோமையும் தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஒலியலையின் நீளத்தில் கால் பங்காவது தடிமன் இருந்தால்தான் சுவரில் ஒட்டிய பொருள் நன்றாக உறிஞ்சும். காது மிகக் கூர்மையாக இருக்கும் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர், ஆக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தடிமன் தேவை. மெல்லிய ஃபோம் அதற்கு மேலுள்ள மினுமினுப்பை மட்டும் கொன்றுவிட்டு, குத்தலை அப்படியே விட்டுவிடும்.

ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை. உங்களை நேராகப் பார்த்திருந்தால், இரண்டின் பார்வையும் உங்கள் தோளுக்கு வெளியே போகும்படி 10 முதல் 15 டிகிரி திருப்புங்கள். ட்வீட்டரின் உச்ச ஒலி நேர்முகமாகத்தான் அதிகம், சற்று விலகினாலே குறையும். கிரில் துணியைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிவிடுங்கள். சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைத்திருந்தால் ஓர் அடிக்குக் கொண்டுவாருங்கள், பின்சுவர் பேஸைத் தூக்கிக் கொடுத்து மேலே உள்ளதைச் சமன் செய்யும். மூலையில் மட்டும் வைக்க வேண்டாம், குமுறும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் ட்ரெபிள் குமிழைத் திருப்பக் கூச்சப்படாதீர்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது. ஈக்வலைசர் இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறையுங்கள். ‘ஸ’ மட்டும் சீறினால் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் அதே அளவு. 4 டெசிபலுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் வேறெங்கோ பிசகு இருக்கிறது, மேலே சொன்னதை மறுபடி பாருங்கள்.

வாரண்டி முடிந்த ஸ்பீக்கர், சாலிடரிங் தெரியும் என்றால் ட்வீட்டரையே நிரந்தரமாக அடக்கலாம். 8 ஓம் ட்வீட்டராக இருந்தால், கிராஸ்ஓவருக்கும் (ஒலியை ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் பிரித்தனுப்பும் உள்சுற்று) ட்வீட்டருக்கும் இடையே பாசிட்டிவ் வயரில் 1.5 ஓம் ரெசிஸ்டர், பிறகு ட்வீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர். இரண்டும் 10 வாட் வயர்வவுண்ட். ஏறக்குறைய 2 டெசிபல் குறையும். தொடரில் ஒன்று மட்டும் போட்டு நிறுத்தினால் கிராஸ்ஓவர் பார்க்கும் ஓம் மாறி, ட்வீட்டரும் ஊஃபரும் சேரும் இடமே நகர்ந்துவிடும்.

கேபிள் பற்றி: 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரண செம்பு வயர் உங்கள் ஹாலுக்குத் தாராளம். விலை கூடிய கேபிள் இந்தக் குத்தலைத் தீர்க்காது.

ஆம்ப்பைச் சந்தேகிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. மெதுவாக வைக்கும்போது இனிமையாக இருந்து, சத்தம் ஏற்றினால் மட்டும் கரகரவென்று குத்தினால், ஆம்ப் தன் சக்தியின் எல்லையில் அலையின் தலையை வெட்டுகிறது. உடனே குறையுங்கள், ட்வீட்டர் எரிந்துபோகும். அப்போதும் 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 12 அடியில் இருக்கும் சோபாவை எட்டரை அடிக்கு நகர்த்தினால் நேரடி ஒலியில் அதே 3 டெசிபல் கிடைக்கும், அறையின் எதிரொலியும் அந்த அளவுக்குப் பின்னே போகும்.