பெற்றோர் அமெரிக்காவுக்குப் போகும்போது பயணக் காப்பீடு எடுக்கத்தான் வேண்டுமா?

தந்தைக்கு 66 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன, தங்கையின் பிரசவத்துக்காகப் பெற்றோர் இருவரும் டெக்சாஸில் ஆறு மாதம் தங்கப் போகிறார்கள், பிரீமியத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எடுங்கள். ஆனால் இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணினால், அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான்.

ஒரே வீசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு வீசா கேட்பவர்கள், குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவையும் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்கும் காப்பீட்டைக் காட்டியாக வேண்டும் என்பதால், அங்கே யோசிக்க இடமே இல்லை. அமெரிக்க வருகை வீசாவுக்கு அப்படி எதையும் கேட்பதில்லை; அதனாலேயே பலர் அங்கே அது தேவையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். காப்பீட்டைக் கட்டாயமாக்காத மற்ற எந்த நாட்டுக்கும் அது இல்லாமல் போனாலும் போகலாம், அமெரிக்காவுக்குப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்தியாவில் நாம் ஆண்டுதோறும் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு தரும் மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு, வருகை வீசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. உங்கள் தங்கையின் அலுவலகக் காப்பீட்டிலும் பெற்றோரைச் சேர்க்க அநேகமாக வழியிருக்காது.

அவசரம் என்றால் மருத்துவமனை பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கித்தான் அனுப்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பில் போடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நியூஜெர்சியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த என் தாயார் மாடிப்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, அன்றிரவே கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு மருத்துவமனையின் பில் தனி, அவசரப் பிரிவு மருத்துவருக்குத் தனி, எக்ஸ்ரேயைப் பார்த்து அறிக்கை தந்த நிபுணருக்குத் தனி, ஆம்புலன்சுக்குத் தனி என்று வாரக்கணக்கில் தபாலில் உறைகள் வந்துகொண்டே இருந்தன. மணிக்கட்டு முறிவுக்கே இவ்வளவு என்றால், மாரடைப்பு ஏற்பட்டு அறுவை சிகிச்சையும் ஐ.சி.யூ. வாசமும் சேர்ந்துகொண்டால் தொகை லட்சம் டாலரைத் தாண்டுவது அங்கே வியப்புக்குரியதல்ல.

இனி, எதை எடுப்பது என்பதற்கு வருகிறேன். அமெரிக்க நிறுவனங்கள் வருகையாளர்களுக்கு விற்கும் பாலிசிகள் இரண்டு வகை. முதல் வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அட்டையில் லட்சம் டாலர் என்று போட்டிருந்தாலும், அவசரப் பிரிவுக்கு ஒருமுறை சென்றதற்குச் சில நூறு டாலர் மட்டும் தந்துவிட்டு, மீதி ஆயிரங்களை உங்கள் தலையில் விட்டுவிடும். மலிவாகக் கிடைப்பது இதுதான். காம்ப்ரிஹென்சிவ் எனப்படும் இரண்டாவது வகையில், டிடக்டிபிள் எனப்படும் முதல் தொகையை நாம் கட்டிய பிறகு, மீதிச் செலவில் பெரும்பகுதியை பாலிசியின் உச்சவரம்பு வரை நிறுவனம் ஏற்கும். பிரீமியம் அதிகமாகத் தெரிந்தால் டிடக்டிபிளை உயர்த்திக் குறையுங்கள், உச்சவரம்பைக் குறைக்காதீர்கள். ஐந்நூறோ ஆயிரமோ டாலரைக் குடும்பம் எப்படியாவது புரட்டிவிடும், லட்சம் டாலரைப் புரட்ட முடியாது. இந்திய நிறுவனங்களின் பாலிசி விலை குறைவாக இருக்கலாம்; ஆனால் மூத்தவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று தனித்தனி வரம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய விதி. சர்க்கரைக்கான வழக்கமான மாத்திரை, பரிசோதனை எதற்கும் இந்தப் பாலிசிகள் பணம் தராது. சிலவற்றில் மட்டும், பழைய நோய் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சென்றால் செலவை ஏற்போம் என்று எழுதியிருக்கும். அதற்கும் வயதுக்கேற்ப உச்சவரம்பு உண்டு. அந்த ஒரு வரி இல்லாத பாலிசியை உங்கள் தந்தைக்கு வாங்காதீர்கள். இந்தியாவில் வாங்குவதாக இருந்தால், பிரீமியம் குறையட்டும் என்று விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்கச் சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். அவசரப் பிரிவில் செவிலியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. அந்தப் பதில் மருத்துவக் குறிப்பில் ஏறும், அந்தக் குறிப்பைத்தான் காப்பீட்டு நிறுவனம் வரவழைத்துப் படிக்கும், மறைத்தது தெரிந்தால் கோரிக்கையை நிராகரித்துவிடும்.

பெட்டி தொலைந்தால் இழப்பீடு, விமானம் தாமதமானால் இழப்பீடு என்று விளம்பரத்தில் முதலில் நிற்பவற்றைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். பெட்டிக்கு, சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒரு வரம்பு வரை விமான நிறுவனமே பொறுப்பு; பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகாரை எழுத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

நண்பர்களோடு நான்கு நாள் தாய்லாந்தோ மலேசியாவோ போகும் உடல்நலமுள்ள இளைஞர் கேட்டிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். பிரீமியம் குறைவு என்பதால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி, மது அருந்தியிருக்கும்போது நேர்ந்த விபத்துக்கும் சாகச விளையாட்டுகளுக்கும் பல பாலிசிகளில் பணம் கிடைக்காது என்று எச்சரித்திருப்பேன்.

இந்தியப் பாலிசியாக இருந்தால் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். பாலிசி எண்ணையும், அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும், இருவரும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியைத் தந்தையின் பர்சிலும் இன்னொன்றைத் தங்கை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் வையுங்கள். மருத்துவமனையில் சேர்த்தவுடன் அந்த எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதைத் தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். தாமதமாகத் தெரிவித்தால் தொகையைக் குறைக்கும் பாலிசிகளும் உண்டு.