டீட்டெயிலிங் கடை போடட்டும், சரக்கை மட்டும் இப்போதே வாங்க வேண்டாம்

அம்மா, ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த பையன் கார் டீட்டெயிலிங் கடை, அதாவது காரைச் சுத்தம் செய்து கீறல் எடுத்துப் பளபளப்பாக்கிப் பாதுகாப்புப் பூச்சு போடும் கடை, போடுகிறேன் என்கிறான், அவன் அப்பா "கார் கழுவவா படிக்க வைத்தோம்" என்று சத்தம் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தொழில் நல்ல தொழில்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குப் பயம் வந்தது நீங்கள் அனுப்பிய டீலர் பட்டியலைப் பார்த்தபோதுதான். கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்ட் மூன்று வகை, பளபளப்பு ஏற்றும் பாலிஷ் நாலு வகை, மேலே பாதுகாப்புக்குப் பூசும் வேக்ஸ், சீலன்ட், அதற்கு மேல் அதே பாதுகாப்புக்கான செராமிக் கோட்டிங் இரண்டு டஜன் பாட்டில். இன்னும் ஒரு காரைக்கூடத் தனியாகச் செய்து முடிக்காத பையனுக்கு இவ்வளவு எதற்கு?

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டீர்கள். 3எம், மென்ஸெர்னா, கோக் கெமி, சோனாக்ஸ் எதை எடுத்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனியைவிட, எது என்ன வேலை செய்கிறது என்று அவனுக்குத் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். காரில் நாம் பார்க்கிற பளபளப்பு க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல் பூச்சு. பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. காம்பவுண்ட் போட்டு மெஷின் ஓட்டினால் கீறல் போவதாகத் தெரியும், உண்மையில் கீறலைச் சுற்றியிருக்கிற பூச்சைத்தான் தேய்த்து எடுக்கிறோம். அது திரும்ப வளராது. பானெட் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் இன்னும் மெல்லியதாக இருக்கும், அங்கே ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை ஒரு நொடி அதிகமாக நிறுத்தினால் அடி பெயின்ட் தெரிந்துவிடும், அப்புறம் அந்தப் பேனலுக்குப் புது பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியது கடைக்காரர்தான்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர், சுழன்றுகொண்டே அசைவதால் பூச்சைச் சட்டென்று தேய்த்துவிடாத ஒரு டியூயல் ஆக்‌ஷன் மெஷின், நடுத்தரமாக வெட்டும் காம்பவுண்ட் ஒன்று, ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, சிந்தெடிக் சீலன்ட் ஒன்று, நிறைய மைக்ரோஃபைபர் துணி. அவ்வளவுதான். பாலிஷில் ஒரு தந்திரம் உண்டு, பையனிடம் கட்டாயம் கேளுங்கள்: சில மலிவு சரக்கில் எண்ணெயும் சிலிகானும் கலந்திருக்கும், அது கீறலை எடுக்காது, நிரப்பி மறைக்கும். டெலிவரி அன்று கண்ணாடி மாதிரி இருக்கும், சில வாஷ் போனதும் எல்லாக் கீறலும் திரும்பி வந்து நிற்கும், கஸ்டமரும் வந்து நிற்பார். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, டிங்கரிங் பெயின்டிங் செய்கிற ஷெட்டில் பாதி இடத்தை வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அங்கே சிலிகான் சரக்கே கூடாது. அது காற்றிலும் துணியிலும் பரவி, பக்கத்தில் புதிதாக அடிக்கிற பெயின்டில் குழி குழியாக விழவைக்கும், ஷெட் ஓனர் சும்மா விடமாட்டார்.

சீலன்ட் விஷயத்தில் நம் ஊர் தண்ணீரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கார்னோபா என்கிற தாவர மெழுகு வேக்ஸ் அழகுதான், சென்னை வெயிலில் சில வாரம் தாங்கினால் அதிகம். சிந்தெடிக் சீலன்ட் சில மாதம் போகும். செராமிக் அதைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் விட்டால் செராமிக் போட்ட காரிலும் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதே என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அந்த ஒவ்வொரு முத்தும் காய்ந்தால் ஒரு உப்பு வட்டம். இதை கஸ்டமரிடம் முன்னாலேயே சொல்லத் தெரியாதவன் மே மாதம் முழுக்க திட்டு வாங்குவான். செராமிக் பாட்டிலில் 9எச் என்று போட்டிருக்கிறதே, அது பென்சில் கடினத்தன்மை அளவு. சாவியால் கோடு போட்டால் கீறல் விழத்தான் செய்யும். அப்புறம், செராமிக் காற்றிலிருக்கிற ஈரத்தில் இறுகுகிற சரக்கு, நம் ஊரில் திறந்த பாட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். இரண்டு டஜன் பாட்டிலை வாங்கி அலமாரியில் அடுக்குவது வீண். பாட்டிலில் அச்சடித்த ஐந்து வருட வாரன்டியைக் கேட்டு கஸ்டமர் வரப்போவதும் கம்பெனிக்கு இல்லை, உங்கள் பையன் கடைக்குத்தான்.

பழகுவதற்கு, பழைய வண்டி பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் பழைய பானெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கறுப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், வெள்ளையில் தப்பு தெரியாது. நிழலில் வைத்துத்தான் செய்ய வேண்டும், சூடான தகட்டில் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கூடவே ஓடுகிற கடை ஒன்றில் ஆறு மாதம் வேலைக்குப் போகட்டும், அதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு எத்தனை கார் வருகிறது, காய்ந்த சந்தனமும் குங்குமமும் க்ளியர் கோட்டில் என்ன கறை விடுகிறது, அடுத்து மழை பிடித்துக்கொண்டால் கடை எப்படி ஈ ஓட்டுகிறது, எல்லாவற்றையும் அடுத்தவர் செலவில் பார்த்துவிடலாம். சம்பளம் குறைவாகத்தான் தருவார்கள், அதற்காக முகம் சுளிக்க வேண்டாம்.

கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல் கிடைக்கும். நான் சொன்ன அளவில் தொடங்கினால் அதிலேயே அடங்கும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை.

டீலருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் செராமிக் பாட்டில்களையாவது திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி இந்த வாரமே பேசுங்கள், சீல் உடைக்காத வரை பேச இடமிருக்கிறது.