கார்ட்டூன் வீட்டுல அப்பாயி எங்க?

போன தடவ கடைசியில சும்மா ஒரு வரி போட்டிருந்தேன், 'உங்க புள்ளைங்க பாக்குற கார்ட்டூன்ல வர்ற அப்பா அம்மாவ பத்தி என்ன நெனக்கிறீங்க'ன்னு. அவ்ளோதான், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து கொட்டிருச்சு. சினிமா கேள்வி கேட்டவங்க மன்னிச்சுக்குங்க, இந்த வாரம் பூரா பொம்மைப்படம் தான்.

அக்கா, மன்னார்குடியில உரக்கடை வச்சிருக்கேன். ஜூன் 12 மேட்டூர் தெறந்துட்டா அப்புறம் ஒரு மாசத்துக்கு எனக்கு சோறே கடையில தான். அஞ்சு வயசுப் பொண்ணு, ப்ளூயின்னு ஒரு நாய்க்குட்டி கார்ட்டூன் பாக்குது. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர எறக்கிட்டு வீட்டுக்கு வந்தா 'ப்ளூயி அப்பா மாதிரி நீ ஏன் வெளையாடவே மாட்டேங்குற'ன்னு கேக்குது. அந்த நாயெல்லாம் வேலைவெட்டிக்கே போகாதா?

போகும்ணே, நல்ல வேலையே பாக்குது. அந்த அப்பா பேரு பேண்டிட், தொல்லியல் ஆளு, நம்ம கீழடியில குழி வெட்டி பானை ஓடு எடுக்குறாங்கள்ல அந்த மாதிரி வேலை. அம்மா சில்லி ஏர்போர்ட்ல செக்யூரிட்டி. ஆனா ஒரு எபிசோடு மொத்தமே ஏழு நிமிஷம் தான், அந்த ஏழு நிமிஷத்துல அவரு ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதுறதையா காட்டுவாங்க. உங்க பொண்ணு பாக்குறது அவரோட ஒரு நாள்ல நல்லா இருந்த ஏழு நிமிஷத்த மட்டும், உங்கள பாக்குறது மூட்டை தூக்கி முதுகு ஒடிஞ்சு வந்த பத்து மணிக்கு, அப்புறம் கம்பேர் பண்ணா நீங்க எங்கேர்ந்து ஜெயிப்பீங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 1989-ல அமெரிக்காவுல சிம்ப்ஸன்ஸ் ஆரம்பிச்சப்ப அதுல அப்பா ஹோமர் ஒரு தண்டச்சோறு, அணுமின் நிலையத்துல வேலை, அங்கயும் தூக்கம், வீட்டுக்கு வந்தா சோஃபாவும் பீரும். அத உருவாக்குன மேட் க்ரோனிங் தன்னோட சொந்த அப்பா பேரையே அந்த ஆளுக்கு வச்சாரு, அம்மா பேரும் தங்கச்சிங்க பேரும் கூட அவரு வீட்டுப் பேரு தான். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கார்ட்டூன் அப்பான்னாலே லூசு அப்பா, தொப்பை அப்பா, ஆணி அடிக்கத் தெரியாம விரல்ல அடிச்சுக்குற அப்பா. அப்புறம் 2018-ல ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்காரர் ஜோ ப்ரம் ப்ளூயிய கொண்டாந்தாரு, அதுல அப்பா குதிரையா போறாரு, பேஷண்டா படுக்குறாரு, புள்ளைங்க என்ன சொன்னாலும் கேக்குறாரு. முட்டாளா இருந்தவர அப்படியே வெளையாட்டு சாமானா மாத்திட்டாங்க. ரெண்டுலயுமே மனுஷன் பாவம் தான்ணே.

எங்கப்பா எங்க கூட வெளையாண்டதா எனக்கு ஒரு ஞாபகமும் இல்ல, அது ஒரு கொறையாவும் அப்ப தெரியல. ஏன்னா ஒரத்தநாடு பக்கத்துல எங்க வீட்டுல சித்தப்பா ரெண்டு பேரு, கல்யாணம் ஆகாத அத்தை ஒண்ணு, பெரியப்பா புள்ளைங்க நாலு, களத்துல வைக்கப்போர், அதுல ஏறி சறுக்குனா ஒடம்பெல்லாம் சொணை, யாருக்கு வேணும் அப்பா. பேண்டிட்டுக்கும் அண்ணன் தம்பி இருக்காங்க, மஃபின்னு தம்பி மக ஒண்ணு வந்து அடம் புடிக்கும் பாருங்க, அத எனக்கு ரொம்ப புடிக்கும், ஆனா அவங்கல்லாம் விருந்தாளி. மத்த நாள்ல வீட்டுல நாலே பேரு, அதனால எல்லா வேஷமும் அந்த ஒத்த அப்பா தலையில. உங்க பொண்ணும் இப்ப டவுன்ல வாடகை வீட்டுல தானே இருக்கு. சித்தப்பன் வேலையையும் சேத்து உங்க கிட்ட கேக்குது, அவ்ளோதான்.

ஒண்ணு பண்ணுங்க. அதுல ஒரு எபிசோடுல பலூன் தரையில விழாம தட்டிக்கிட்டே இருக்கணும், அது தான் மொத்த கதையே. ஒரு பலூன் வாங்கி சட்டப் பையில போட்டுக்கிட்டு போங்க. பத்து மணிக்கும் ஆடலாம், படுத்துக்கிட்டே கூட ஆடலாம், ஃபேன மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.

சோட்டா பீமுக்கு அப்பா எங்க? (கும்பகோணம் காலேஜ் பசங்க நாலு பேரு சேந்து கேட்டது)

2008-லேர்ந்து ஓடுது, ஹைதராபாத் கம்பெனி எடுக்குறது, டோலக்பூர்ல பீமுக்கு அம்மா உண்டு, லட்டு குடுக்க டுன்டுன் மாசி உண்டு. அப்பா இருந்திருந்தா 'லட்டு தின்னது போதும், புஸ்தகத்த எடு'ன்னு சொல்லியிருப்பாரு, ராஜ்ஜியத்த யாரு காப்பாத்துறது. பரிட்சைக்குப் படிங்க தம்பிங்களா.

அம்மாடி, நான் பாபநாசம், ரிட்டயர்டு ஆளு. பேரன் ஷின்சான்னு ஒண்ண பாத்துட்டு பெத்த அம்மாவ பேரு சொல்லிக் கூப்புடுறான், மருமக அத ரசிக்கிறா. இதையெல்லாம் கவர்மெண்டு தடை பண்ணக் கூடாதா?

பண்ணாங்கய்யா. 2008-ல தடை பண்ணி, அடுத்த வருஷமே அங்கங்க வெட்டி மறுபடி விட்டாங்க, நீங்க கோவப்படுறது வெட்டுனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குறத பாத்து! ஆனா ஒரு விஷயம், அது மொதல்ல 1990-ல ஜப்பான்ல பெரியவங்க படிக்கிற பத்திரிகையில வந்த படக்கதை, கொழந்தைங்களுக்குன்னு எழுதுனதே இல்ல. அத தெரிஞ்சுக்கிட்டு பாத்தீங்கன்னா வேற மாதிரி தெரியும். அந்த அப்பாவுக்கு வீட்டுக் கடன் இன்னும் 32 வருஷம் பாக்கி, சாக்ஸ் நாறுது, அம்மா தள்ளுபடி போட்ட கடைக்கு ஓடி கியூவுல நின்னு எதையோ அள்ளிட்டு வர்றா. ஒரு நாள் பேரன் கூட உக்காந்து அந்த அப்பாவ மட்டும் பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வரும், கொஞ்சம் அழுகையும் வரும், சொசைட்டி லோன் கட்டுன ஆளு தானே நீங்களும்.

பேரு சொல்லிக் கூப்புடுறதுக்கு மருந்து கார்ட்டூன்ல இல்ல. மருமக சிரிக்கிறத நிறுத்துனா அவனும் நிறுத்திடுவான்.

வணக்கம். நீடாமங்கலத்துல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் நான். எல்லா கார்ட்டூன்லயும் அம்மான்னா ஏன் கத்திக்கிட்டே இருக்காங்க? டோரிமான்ல வர்ற நொபிதா அம்மா கத்துறா, ஷின்சான் அம்மா கொட்டுறா. அப்பா ஜாலி, அம்மா போலீஸ். என் கிளாஸ்ல 'அம்மா' படம் வரையச் சொன்னா ஒரு பய வாய மட்டும் பெருசா வரஞ்சு வச்சிருக்கான்.

டீச்சர், அந்த வாய் படத்த எனக்கு அனுப்பி வைங்க, ஃப்ரேம் போட்டுடுறேன்.

இதுக்கு நான் பதில் சொல்றத விட எங்க அப்பாயி சொன்னது சரியா இருக்கும். போன நடவுல ஊருக்குப் போயிருந்தேன், அக்கா மவன் திண்ணையில உக்காந்து போன்ல டோரிமான் பாத்துக்கிட்டே தயிர்சோறு திங்குறான், அப்பாயி பக்கத்துல வெத்தல பாக்கு உரல்ல இடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குது. நொபிதா சைபர் மார்க் வாங்கிட்டு வந்து நிக்கிறான், அவங்க அம்மா கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு கத்துது, கத்துது, கத்திக்கிட்டே இருக்கு. அப்பாயி இடிக்கிறத நிறுத்திட்டு கேட்டுச்சு, 'ஏண்டா, இந்தப் பொம்பளைக்கு மாமியா நாத்தனா யாரும் கெடையாதா, ஒத்தையா கெடந்து தொண்டை வத்துறாளே.'

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எங்க வீட்டுல திட்டுறதுக்குன்னு ஒரு வரிசையே இருந்துச்சு டீச்சர். படிப்புக்கு பெரியப்பா, சாயங்காலம் வெளக்கேத்துற நேரத்துல படுத்தா அப்பாயி, தலைய விரிச்சுப் போட்டா அத்தை. அம்மாவுக்கு மிஞ்சுனதே கொஞ்சம் தான், அதனால ராத்திரி அடுப்படியில அப்பளத்த ஒளிச்சு வச்சுக் குடுக்குற ஆளா அவங்களால இருக்க முடிஞ்சுச்சு. நொபிதா அம்மாவுக்கு அந்த வசதி இல்ல. அவ வீட்டுல அவ, பேப்பர் படிக்கிற புருஷன், ஒரு சோம்பேறிப் புள்ள, ஒரு பூனை ரோபோ. டோரிமான் கதை 1969-லேர்ந்து வருது, எத்தன வருஷமா அந்தம்மா ஒத்தையா கத்திக்கிட்டு இருக்குன்னு நெனச்சா பாவமா இல்ல? அப்பாங்கள எல்லாம் மாத்தி எழுதுன ஆளுங்களுக்கு அம்மாவ மாத்த மட்டும் கை வரல, எனக்கு இதுல கொஞ்சம் கோவமே உண்டு.

ப்ளூயியில ஒண்ணு மட்டும் பாருங்க. சில்லி தன் மொத கொழந்தை எப்ப நடந்துச்சுன்னு சொல்ற கதை. பக்கத்து வீட்டுக் கொழந்தை முந்துது, இவளுக்கு நாம தான் சரியில்லையோன்னு ஒரே கவலை, அப்ப நெறைய புள்ள பெத்த இன்னொரு அம்மா வீட்டுக்கு வந்து உக்காந்து, நீ நல்லாத்தான் பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுது. நம்ம ஊர்ல 'எம்புள்ள பத்து மாசத்துலயே நடந்துச்சு'ன்னு சொல்றதுக்கு பத்து பேரு வருவாங்க, இத சொல்ல ஒருத்தி வரணுமே.

நொபிதாவுக்கும் ஒரு பாட்டி உண்டு, செத்துப் போச்சு. டைம் மெஷின்ல ஏறி அவன் பாட்டிய பாக்கப் போற கதை ஒண்ணு இருக்கு. அவன் வளந்துட்டான், பாட்டிக்குத் தெரிஞ்சது மூணு வயசுப் புள்ள, 'நான் தான் நொபிதா'ன்னா எந்தப் பாட்டி நம்பும், அந்தப் பாட்டி ஒடனே நம்பிடுது. அன்னைக்கு சாயங்காலம் அத அப்பாயிக்குப் போட்டுக் காட்டுனேன். வெத்தலைய மென்னுக்கிட்டே பாத்துச்சு, கடைசியில முந்தானைய எடுத்து மூக்க தொடச்சுக்கிட்டு 'பேரன் மொகம் தெரியாதா பின்ன'ன்னு சொல்லிட்டு மாட்ட கட்டப் போயிருச்சு.

அக்கா, கூத்தாநல்லூர். பையனுக்கு ஆறு வயசு, அவன் அத்தா மலேசியாவுல மாமாக்குன்னு சொல்ற சாப்பாட்டுக் கடையில இருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ தான் வருவாங்க. அங்கேருந்து அவங்க தான் உப்பின் இப்பின்னு ஒரு கார்ட்டூன் அனுப்பி விட்டாங்க, அதுல ரெட்டைப் புள்ளைங்களுக்கு தாய் தகப்பனே கெடையாது. இத பாத்து என் புள்ள ஏங்கிப் போயிடுவானோன்னு பயமா இருக்கு. இப்ப எதுக்கெடுத்தாலும் 'பெத்துல், பெத்துல், பெத்துல்'ங்குறான், மாமியாளுக்கு ஒண்ணும் புரியல.

'சரி, சரி, சரி'ன்னு சொல்றான் தங்கச்சி, மலாய். நன்னிமா கிட்ட சொல்லிடுங்க, கெட்ட வார்த்தைன்னு நெனச்சிருக்கப் போறாங்க.

அது 2007-லேர்ந்து மலேசியாவுல வருது, மொதல்ல நோன்பு மாசத்துக்காக பண்ணது, கொழந்தைங்க மொத தடவ நோன்பு வைக்கிற கதை, ஒங்க வீட்டுக்கு அது புதுசா இருக்காது. கம்பத்து வீடு, அதான் கிராமத்து வீடு, மாடிப்படி வச்ச மரவீடு, கோழி, ஓபான்னு கூப்புடுற பாட்டி, ரோஸ்னு ஒரு அக்கா. திட்டு மொத்தமும் அக்கா டிபார்ட்மெண்ட், கோழிக்கறி பாட்டி டிபார்ட்மெண்ட். தாய் தகப்பன் இல்லங்குறத வச்சு அழுவாச்சி காட்டுறதே இல்ல, ரொம்ப அபூர்வமா அவங்க கபுருக்கு, அதான் கல்லறைக்கு, போற மாதிரி வரும், மத்தபடி வீடு கலகலன்னு இருக்கும். ராஜூன்னு ஒரு தமிழ்ப் பையன் வருவான், முத்து அங்கிள்னு ஒருத்தர் சாப்பாட்டுக் கடை வச்சிருப்பாரு. எனக்கென்னவோ ஒங்க பையன் அதுல பாக்குறது இல்லாத தகப்பன இல்ல, அத்தா இருக்குற ஊர, அந்தக் கடைய, அங்க மழை எப்படி பேயுதுங்குறத.

அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இவன் ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்து பைய போடுறப்ப அங்க ஏழு மணி, கடையில கூட்டம், அத்தா போன எடுக்க முடியாது. அதனால காலையில பேச விடுங்க, ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி. முந்தின நாள் பாத்த எபிசோட இவன் கதையா சொல்லட்டும், நடுவுல வர்ற மலாய்க்கு அவரு அர்த்தம் சொல்லட்டும். முத்து அங்கிள் கடை மாதிரி தான் ஒங்க கடையுமான்னு கேக்கச் சொல்லுங்க, அவரு போன திருப்பி கல்லாவையும் ரொட்டிக் கல்லையும் காட்டுவாரு.