ரெண்டு காலேஜ், ஒரு சீட்: கவுன்சிலிங் நேரக் கேள்வி பதில்

இதுவா அதுவா என்று தவிப்பவர்களின் கேள்விகள், வந்த வரிசையிலேயே. பெரும்பாலானவை தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையைப் பற்றியவை. ஒன்று மட்டும் பி.எஸ்சி.

நாமக்கல் மாணவர்: சார், கிண்டி பொறியியல் கல்லூரியில் (சிஇஜி) ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது. கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் (தேர்வைத் தானே நடத்தும் கல்லூரி) கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்கும். எல்லோரும் "கிண்டியை விடாதே" என்கிறார்கள்.

தம்பி, அந்த எல்லோரும் நான்கு வருடம் உங்களுக்குப் பதிலாக வகுப்பில் உட்காரப் போவதில்லை. முதலில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் பாடத்திட்டத்தைத் திறந்து மூன்றாம் செமஸ்டர் முதல் ஆறாம் செமஸ்டர் வரை பாடப் பெயர்களை மட்டும் படியுங்கள். நில அளவை, தொலையுணர்வு, போட்டோகிராமெட்ரி, ஜிஐஎஸ் என்று போகும். படிக்கும்போதே ஆர்வம் வந்தால் தயங்காமல் சேருங்கள். எம்.இ., எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2022 முதல் இந்தத் துறைக்கு, ஜியோமேட்டிக்ஸ் என்ற பெயரில், தனித் தாளே இருக்கிறது.

"சேர்ந்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போய்விடலாம்" என்பதுதான் திட்டம் என்றால் ஒரு சிக்கல். கிண்டி உட்பட அண்ணா பல்கலையின் வளாகக் கல்லூரிகளுக்கு வேலைவாய்ப்பை ஒரே மையம்தான் நடத்துகிறது. ஆனால் எந்தக் கிளை மாணவரை உட்கார விடுவது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் எல்லாக் கிளைக்கும் கதவைத் திறக்கும். அதிகச் சம்பளம் தரும் புராடக்ட் கம்பெனிகளில் பல, கம்ப்யூட்டர், ஐடி, இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) என்று வரம்பு போட்டுவிடும். பிறகு கிளை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எங்கேயும் சேராதீர்கள்.

கோவைக் கல்லூரி எது என்று நீங்கள் சொல்லவில்லை. பிஎஸ்ஜி டெக், ஜிசிடி, சிஐடி வரிசை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். தன்னாட்சி வாங்கி இரண்டு வருடமே ஆன கல்லூரி என்றால் கிண்டி.

தர்மபுரி மாணவி: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தேன். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கும் என்கிறார்கள். ஒரு நிகர்நிலைப் பல்கலையில் 50 சதவீத ஸ்காலர்ஷிப் தருகிறார்கள்.

சேலம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசு ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்த 50 சதவீதம் முதல் வருடத்துக்கு மட்டுமா, சிஜிபிஏ குறைந்தால் நிற்குமா, விடுதிக்கும் உண்டா என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தந்தாலும் மீதி 50 சதவீதத்தை நீங்கள்தானே கட்ட வேண்டும்? யோசிக்க ஒன்றுமில்லை, ம்மா.

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை: இரண்டு கல்லூரிகளின் விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றில் "98 சதவீத வேலைவாய்ப்பு". மற்றதில் "1,200 ஆஃபர்கள், சராசரி 8 லட்சம்". எதை நம்புவது?

இரண்டையும் மடித்து வையுங்கள், ஐயா. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்காக, அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தரவு ஒரு பிடிஎஃப் ஆகக் கல்லூரியின் இணையதளத்தில் இருக்க வேண்டும். அதில் "யுஜி 4 இயர்ஸ்" என்ற அட்டவணையைத் தேடுங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்கள், லேட்டரல் என்ட்ரியில் (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில்) வந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், மீடியன் சம்பளம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சேர்ந்தவர்கள் 600. அரியர் இல்லாமல் நான்கு வருடத்தில் முடித்தவர்கள் 480. வேலை பெற்றவர்கள் 300. மேற்படிப்பு 40. விளம்பரம் போடும்போது, வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்து தகுதியும் பெற்ற 306 பேரை மட்டும் அடியில் வைத்து வகுப்பார்கள்: 98 சதவீதம்! உங்கள் பிள்ளை அந்த 306-ல் ஒருவர் என்று இப்போதே சொல்ல முடியாது. 600-ல் ஒருவர் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் 300-ஐ 600-ஆல் வகுங்கள். 50 சதவீதம். லேட்டரல் மாணவர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். 600-க்கும் 480-க்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஐந்தில் ஒருவர் அரியரோடு நிற்கிறார் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

ஆஃபர் எண்ணிக்கை ஆள் எண்ணிக்கை அல்ல. ஒரே மாணவி மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்றாகத்தான் எண்ணுவார்கள். சராசரிச் சம்பளமும் அப்படித்தான். ஐந்து பேரின் சம்பளம் 3, 3.5, 4, 4.5, 40 லட்சம் என்றால் சராசரி 11 லட்சம். நடுவில் நிற்பவர் வாங்குவது 4 லட்சம். அந்த 4-தான் மீடியன்.

இந்தப் பிடிஎஃப் எல்லாத் துறைகளையும் கலந்துதான் காட்டும். எனவே வேலைவாய்ப்பு அலுவலரிடம் உங்கள் துறைக்கு மட்டும் கம்பெனி, பதவி, சம்பளம், எத்தனை பேர் என்ற பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

விழுப்புரத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு வேலூர் விஐடியில் 4-ம் கேட்டகரி (எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும்) கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு (டிஎன்இஏ) வழியாக வீட்டுப் பக்கத்திலேயே ஒரு நல்ல தனியார் கல்லூரி கிடைக்கும். கடன் வாங்கலாமா?

கேட்டகரி 1-லும் 4-லும் வகுப்பு ஒன்று, ஆசிரியர் ஒன்று, பட்டம் ஒன்று. ரசீது மட்டும்தான் வேறு. அதனால் "விஐடி நல்லதா" என்று கேட்காமல் "இந்தக் கட்டணத்துக்கு விஐடி நல்லதா" என்று கேளுங்கள், அம்மா.

டிஎன்இஏ அரசு ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிக்குக் கட்டணக் குழு 2017-ல் வைத்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். தேசிய அங்கீகார வாரியத்தின் (என்பிஏ) அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000. பின்னர் மாறியிருக்கிறதா என்று சேரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் 25,000 கழியும். இந்தச் சலுகை கலந்தாய்வு சீட்டுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கும் கிடையாது. பஸ், விடுதி, டிரெயினிங் என்று தனியாக வசூலிப்பதையும் சேர்த்து நான்கு வருட மொத்தத்தை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கடன்.

அந்த வித்தியாசம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக நான்கு தவணை, 10 சதவீத வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை அசல் கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தவணைக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2. மொத்தம் 3.5 லட்சம். ஆக மாதத் தவணை தொடங்கும்போது கடன் 13.5 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். முதல் வேலையில் கைக்கு 28,000 வந்தால் மீதி 10,200. சென்னையிலோ பெங்களூரிலோ அதை வைத்துக்கொண்டு வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் அந்த 3.5 லட்சம் ஏறாது. பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும்.

மதுரை மாணவர்: அண்ணா, சாய்ஸ் ஃபில்லிங்கில் கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால், கீழே இருக்கிற கிடைக்கும் கல்லூரி கைவிட்டுப் போய்விடுமா?

போகாது. உங்கள் ரேங்க் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, இடம் காலியாக உள்ள முதல் வரியில் நிறுத்தும். மேலே பத்து எட்டாக்கனி இருந்தாலும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பிடித்ததைக் கீழேயும் "கிடைக்கும்" என்பதை மேலேயும் போடுவது. கணினி மேலே உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இரண்டு, பட்டியலை 15 வரியோடு நிறுத்துவது. அந்த 15-ம் நிரம்பியிருந்தால் அந்தச் சுற்றில் சீட்டே இல்லை.

ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய மறந்து சீட்டை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இதே சீட் போதும் என்றால் அக்செப்ட் அண்ட் ஜாயின். இது இருக்கட்டும், மேலே காலியானால் மாறுகிறேன் என்றால் அக்செப்ட் அண்ட் அப்வர்ட். அப்வர்ட் கொடுத்து மேல் சீட் கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. அதனால் மேலே உள்ள ஒவ்வொரு வரியும் இப்போது கையில் உள்ளதைவிட உண்மையிலேயே பிடித்ததுதானா என்று பட்டியல் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

கோவை மாணவி: கலந்தாய்வுப் பட்டியலில் பிஎஸ்ஜி என்று இரண்டு இடத்தில் வருகிறதே?

இரண்டும் வேறு கல்லூரி. பீளமேட்டில் இருக்கும் பிஎஸ்ஜி டெக்கின் கலந்தாய்வு எண் 2006. நீலாம்பூரில் இருப்பதற்கு எண் வேறு. பெயரைப் பார்த்து டிக் செய்யாமல் எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கிளைப் பெயருக்குப் பக்கத்தில் "எஸ்எஸ்" என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: திருச்சி என்ஐடியில் புரொடக்‌ஷன், குரோம்பேட்டை எம்ஐடியில் (அண்ணா பல்கலையின் வளாகக் கல்லூரி) இசிஇ. இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. என்ஐடி கட்டணம் அதிகமாமே?

கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 62,500, வருடத்துக்கு 1.25 லட்சம். ஆனால் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழு விலக்கு. 1 முதல் 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு, அதாவது வருடத்துக்கு 41,667 கட்டினால் போதும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் முழு விலக்கு. விடுதியும் மெஸ்ஸும் தனி.

கட்டணத்தைவிட சான்றிதழில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழக அரசின் பிசி, எம்பிசி சாதிச் சான்று, என்ஐடி இடங்களை நிரப்பும் ஜோசா கலந்தாய்வில் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராத ஓபிசி) சான்று வேண்டும். அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றை நீட்டினால் ஒதுக்கீடே போய்விடும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை.

என் கருத்து: மேற்படிப்போ மேலாண்மையோ குறி என்றால் என்ஐடி. எலக்ட்ரானிக்ஸ் வேலைதான் வேண்டும் என்றால் எம்ஐடி. இரண்டும் நல்ல வளாகம். இதில் தவறான முடிவு என்று ஒன்று இல்லை. ஜோசா சீட்டை விடுவதானால் கடைசிச் சுற்றுக்கு முன்பே விட வேண்டும், பணம் அப்போதுதான் திரும்பும்.

தாம்பரம் மாணவி: பி.எஸ்சி இயற்பியல். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியா (எம்சிசி), டெல்லி பல்கலைக்கழகமா?

டெல்லியில் 2022 முதல் நான்கு வருடத் திட்டம், சேர்க்கை சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியே. மூன்றாம் வருட முடிவில் பட்டத்தோடு வெளியேறவும் செய்யலாம். இங்கே மூன்று வருடம். ஐஐடி எம்.எஸ்சிக்கான ஜாம் தேர்வுக்கு மூன்று வருடப் பட்டம் போதும். நேராக ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் நான்காம் வருடம் கைகொடுக்கும்: 75 சதவீதம் எடுத்தால் எம்.எஸ்சி இல்லாமலே, பிஎச்.டிக்கு வழிவிடும் நெட் தேர்வை எழுதலாம். அது இல்லையென்றால் டெல்லியில் தங்கும் செலவுக்கு நியாயம் சொல்வது கடினம். எம்சிசி உங்கள் தாம்பரத்திலேயே இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு பல்கலையில் பணம் கட்டிச் சேர்ந்தோம். பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தது. பணமும் தர மாட்டோம், மார்க் ஷீட்டும் தர மாட்டோம் என்கிறார்கள்.

அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமையே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதி இப்படி: சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் 100 சதவீதம், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் 90, கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதன் பிறகு எதுவும் கிடைக்காது. 100 சதவீதம் திரும்பும்போதும் அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். சில வருடங்களில் மாணவருக்கு இன்னும் சாதகமான தனி அறிவிப்பு வரும், இந்த வருடத்ததைப் பாருங்கள். போனில் பேசிக்கொண்டே இருந்தால் நாள் ஓடும், சதவீதம் குறையும். இன்றே விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்தத் தேதிதான் உங்கள் ஆதாரம். பதில் இல்லையென்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் ரசீது, கடிதம் இரண்டையும் இணைத்துப் புகார் பதியுங்கள்.

கடலூர் மாணவர்: இரண்டு கல்லூரியையும் நேரில் பார்க்கப் போகிறோம். எதைப் பார்ப்பது?

கட்டடத்தைத் தவிர எல்லாவற்றையும். வேலை நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓபன் ஹவுஸுக்குப் போகாதீர்கள். லேபில் எந்திரத்தின் மேல் தூசு இருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கேன்டீனில் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன செமஸ்டரில் எத்தனை பாடத்துக்கு நடுவில் ஆசிரியர் மாறினார்?" என்று கேளுங்கள். "நல்ல காலேஜா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் கிளம்பும் முன்பே அண்ணா பல்கலை செமஸ்டர் வாரியாக வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் போட்டுத் தானே திருத்துவதால் அதன் தேர்ச்சி விழுக்காட்டை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே முந்தைய வருட வினாத்தாள் இரண்டை வாங்கி, பாடம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.