வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்த விலையிலிருந்து வரியை எப்படிப் பிரிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பியின் கேள்வி: வாட் சேர்த்து 230 ரேண்டுக்கு விற்பனை. 15 சதவீதம் போட்டு 34.50 என்று எழுதினேன், ஏன் தப்பு?

தம்பி, 15 சதவீதம் என்பது வரி சேர்வதற்கு முந்தைய விலைக்கு. நீங்கள் வரிக்கும் வரி போட்டுவிட்டீர்கள். அசல் விலை 100 என்றால் ரசீதில் 115 இருக்கும். அதனால் 230-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள். வரி 30, விலை 200. இப்போது 200-க்கு 15 சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே 30 வரும்.

கணக்குக் குறிப்பேட்டில் ரொக்கம் பற்று 230, விற்பனை வரவு 200, வாட் வரவு 30. அந்த முப்பது கடைக்காரரின் வருமானமே இல்லை, அரசுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம், அரிசிக்கும் காய்ந்த பருப்புக்கும் வாட் பூஜ்யம். 2018 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு என்றால் 14 சதவீதம், 114-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்க வேண்டும்.