கச்சேரி மேடையில் பியானோ: கேட்டவையும் என் பதில்களும்

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சாதகம் செய்தால்தான் பெரிய கலைஞர் ஆக முடியுமா?

நாலைந்து மணி நேரம் தாண்டினால் விரல் ஓடிக்கொண்டிருக்கும், காது கேட்பதை நிறுத்திவிடும். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் தம் மாணவர்களிடம் மூன்று மணி நேரமே போதும் என்று சொன்னதாகக் குறிப்புகள் உண்டு. சுற்றுப்பயணத்தில் அந்த மூன்று மணி நேரமும் பலருக்குக் கிடைக்காது. ரயிலில் இசைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, எந்த விரல் எங்கே போகும் என்று மனசுக்குள்ளேயே வாசித்துப் பார்ப்பார்கள். அதுவும் சாதகம்தான்.

எல்லாரும் தாள் இல்லாமல் வாசிக்கிறார்களே, நடுவில் மறந்துபோனால்?

மனப்பாடமாக வாசிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அந்தக் காலத்துப் பியானோ கலைஞர்கள் கிளாரா ஷூமனும் லிஸ்டும் தொடங்கி வைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் அவஸ்தைப்படுகிறார்கள்! ரஷ்யப் பியானோ கலைஞர் ரிக்டர் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, சிறு விளக்கொளியில் தாளைப் பார்த்தே வாசித்தார். யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. இப்போது டேப்லெட் வைத்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மறதியைப் பற்றிப் பேசினால் போர்ச்சுகல் பியானோ கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ் கதையைச் சொல்லாமல் முடியாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதியக் கச்சேரி, இசைக்குழுவை நடத்தியவர் ரிக்கார்டோ ஷாயி. பிரெஸ் வேறொரு மோட்சார்ட் கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, இசைக்குழு டி மைனர் கான்செர்ட்டோவைத் தொடங்கிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போனதைக் காணொளியிலேயே பார்க்கலாம். நல்லவேளை, அந்தப் படைப்பில் பியானோ நுழைவதற்கு முன் இசைக்குழு இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசிக்கும். அந்த அவகாசத்தில் மனசைத் திரட்டிக்கொண்டு கடைசிவரை வாசித்து முடித்தார். பழைய படைப்புகளைக் கைக்குள் வைத்திருப்பது இப்படிப்பட்ட நாளில்தான் உதவும்.

வயலின்காரர் தன் வயலினோடு வருகிறார். பியானோ கலைஞர் என்ன செய்வார்?

இருப்பதை வாசிப்பார்! கச்சேரிப் பியானோ ஏறக்குறைய ஒன்பது அடி நீளம், அரை டன் எடை. ஹொரோவிட்ஸ் தம் பியானோவைக் கூடவே கொண்டுபோனார். சிமெர்மனும் அப்படித்தான், சில நேரம் கட்டைகளும் (விரலால் அமுக்கும் பகுதி) தந்தியை அடிக்கும் சுத்தியல்களும் அடங்கிய பகுதியை மட்டும் எடுத்துப் போவார். மற்றவர்களுக்கு அந்த வசதி ஏது? நேற்று வாசித்ததில் கட்டை கனம், இன்று வாசிப்பதில் தொட்டாலே அமுங்குகிறது. ஒரு பியானோவில் மேல் ஸ்தாயி கூர்மையாகக் கத்தும், இன்னொன்றில் கீழ் ஸ்தாயி கொழகொழவென்று இருக்கும். ஒத்திகையில் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்துக்குள் அதன் குணம் பிடிபட வேண்டும். ஒரு கலைஞரின் தரத்தை இங்கேதான் பார்க்கலாம் என்பது என் கருத்து. மேடைக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது அந்த அரங்கின் ட்யூனரை, அதாவது பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரைத்தான். அவரோடு சண்டை போட்டுக்கொள்பவர் அறிவாளி இல்லை.

பெரிய போட்டியில் ஜெயித்தால் வாழ்க்கை அமைந்துவிடும்தானே?

இரண்டு மூன்று வருடம் கச்சேரி கிடைக்கும். அப்புறம் அடுத்த வெற்றியாளர் வந்துவிடுவார். 1958இல் மாஸ்கோவில் சைகோவ்ஸ்கி போட்டியில் வென்ற அமெரிக்கர் வான் கிளைபர்னுக்கு நியூயார்க்கில் ஊர்வலமே நடத்தினார்கள். அது பனிப்போர்க் காலத்து விசேஷம். தோற்றும் பேர் வாங்கலாம். 1980இல் வார்சா ஷோப்பான் போட்டியில் போகோரெலிச் என்ற இளம் கலைஞரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை என்று பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். அந்தச் சண்டையே போகோரெலிச்சைப் பிரபலமாக்கிவிட்டது.

போட்டியைவிட எனக்குப் பிடித்த வழி, கடைசி நேர அழைப்பு. 1963இல் பியானோ கலைஞர் கிளென் கூல்டுக்கு உடம்பு சரியில்லாததால், நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு 16 வயது ஆந்த்ரே வாட்ஸ் வாசித்தார். 1999இல் அதே வாட்ஸ் வர முடியாதபோது, சிகாகோ இசைக்குழுவோடு வாசித்தவர் 17 வயது லாங் லாங். பாருங்கள், எப்படிக் கை மாறியிருக்கிறது! தொலைபேசி அடிக்கும்போது அந்தக் கான்செர்ட்டோ தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருமானம் எப்படி?

உச்சியில் இருக்கும் சிலருக்கு நன்றாக வரும். மற்றவர்களுக்குச் சம்பளத்தில் ஏஜென்ட் பங்கு போகும், பயணச் செலவும் பல நேரம் தன் கையிலிருந்துதான். உடம்பு முடியாமல் கச்சேரி ரத்தானால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. பாடம் சொல்லிக்கொடுப்பது, பாடகர்களுக்கு வாசிப்பது எல்லாம் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

என் கை சின்னது. விட்டுவிடலாமா?

வேண்டாம். ஸ்பெயின் பியானோ கலைஞர் அலிசியா தெ லாரோச்சா ஐந்தடிகூட இல்லாதவர். பெரிய கை வேண்டும் என்று பலர் பயப்படும் ராக்மானினோவின் மூன்றாம் கான்செர்ட்டோவையே வாசித்தார். கை சின்னதான இன்னொரு பெரிய கலைஞர் ஹோஃப்மனுக்காகச் சற்றே ஒடுக்கமான கட்டைகளோடு பியானோ செய்து கொடுத்தார்கள்.

வாசிக்கும்போது வலது கை வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசிக்கிறேன், சரியாகிவிடுமா?

இன்றே நிறுத்துங்கள். இசைக் கலைஞர்களின் கைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போங்கள். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளெய்ஷருக்கு 1960களில், முப்பத்தைந்து வயதை ஒட்டியே, வலது கை விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின. பல வருடம் இடது கைக்கான படைப்புகளை வாசித்தார், இசைக்குழு நடத்தினார், பாடம் எடுத்தார். முப்பது வருடம் கழிந்த பிறகுதான் இரண்டு கையாலும் தொடர்ந்து மேடையேற முடிந்தது. உங்கள் வலி வேறாக இருக்கலாம், லேசானதாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பியானோ மூடியே இருக்கட்டும்.