என் 1991 போர்ஷேயை 1,100 கிலோவாக்க மூன்றே முக்கால் லட்சம் பவுண்டு: கம்பெனிக் கணக்கில் எழுதலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஹாரோவில் டென்டல் பிராக்டிஸ் நடத்துகிறேன். லிமிடெட் கம்பெனி, பங்கு முழுவதும் என் பெயரில். வயது 48. மனைவி அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் வேலை செய்கிறார். மகளுக்கு 16, மகனுக்கு 12. 2009-இல் 14,000 பவுண்டுக்கு வாங்கிய 1991 போர்ஷே 911 (964 கரேரா 2, டிப்ட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்) கராஜில் நிற்கிறது. இன்று 50,000 வரை கேட்கிறார்கள். அதை ரெஸ்டோமாட் (பழைய தோற்றம், உள்ளே புதிய பாகங்கள்) ஆக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு பட்டறை 310,000 பவுண்டும் அதற்கு மேல் வாட் வரியும் கேட்கிறது. கார்பன் ஃபைபர் பாடி, 4 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர், மொத்த எடை 1,100 கிலோ. முன்பணம் 40 சதவீதம், முடிக்க இரண்டரை ஆண்டு. கம்பெனியில் 420,000 ரொக்கம், ஐசா என்ற வரியில்லாச் சேமிப்பில் 280,000, பென்ஷனில் 340,000 இருக்கிறது. வீட்டுக்கடன் பாக்கி 190,000. ஆண்டுக்குச் சுமார் 130,000 கம்பெனியிலிருந்து எடுக்கிறேன். காரைக் கம்பெனி பெயரில் போட்டு, கதவில் கிளினிக் பெயரை ஒட்டினால் விளம்பரச் செலவு என்று காட்டலாம் என்கிறார் நண்பர். இந்தக் கார்கள் விலை ஏறுகின்றனவே, முதலீடாகவும் எடுத்துக்கொள்ளலாம்தானே? வீட்டின் மேல் கொஞ்சம் கடன் வாங்கினாலும் தப்பில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பதில்: முதலில் நண்பரை ஓரமாக உட்கார வைப்போம். உங்கள் கடிதத்திலேயே அதிகம் செலவு வைக்கக்கூடிய யோசனை அவருடையதுதான்.

கம்பெனிக் காரைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் அது சம்பளம் போன்ற சலுகை என்று பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி வரி போடும். சாதாரணமாக அந்த வரிக்கு அடிப்படை, கார் புதிதாக இருந்தபோது இருந்த பட்டியல் விலை. 1991-இன் பட்டியல் விலைதானே, சமாளித்துவிடலாம் என்று நண்பர் கணக்குப் போட்டிருப்பார். பழைய கார்களுக்குத் தனி விதி இருப்பது அவருக்குத் தெரியவில்லை. காருக்கு 15 வயது தாண்டி, சந்தை மதிப்பு 15,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, அது பழைய பட்டியல் விலையைவிட அதிகமாகவும் இருந்தால், சந்தை மதிப்பின் மேல்தான் வரி. 1998-க்கு முன் பதிவான, 2 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் அதில் 37 சதவீதம் உங்கள் வருமானத்தோடு சேரும்.

வேலை முடிந்த காரை 350,000 என்று மதிப்பிட்டால், ஆண்டுதோறும் 129,500 பவுண்டு கூடுதல் வருமானம் வந்ததாகக் கணக்கு. உங்கள் வரம்பில் 45 சதவீதம் வரி, அதாவது 58,275. அதே தொகைக்குக் கம்பெனி 15 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்பீட்டு வரி) கட்ட வேண்டும், அது 19,425. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 77,700. ஐந்து வருடம் வைத்திருந்தால் பட்டறைக்குக் கொடுத்ததைவிட அதிகமாக அரசாங்கத்துக்குக் கொடுத்திருப்பீர்கள். 62,000 பவுண்டு வாட்டையும் திரும்ப வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கதவில் கடைவாய்ப்பல் படம் ஒட்டியிருப்பதால் அது டெலிவரி வேனாகிவிடாது. கம்பெனியின் ஒரே டைரக்டர் வீட்டு கராஜில் நிற்கும் 911-ஐ அவர் ஓட்டுவதே இல்லை என்று நம்பும் இன்ஸ்பெக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, டிவிடெண்டாக எடுத்துச் சொந்தப் பெயரிலேயே செய்வோம் என்றால்? மொத்தச் செலவு வாட்டோடு 372,000. உங்கள் வருமானம் உச்ச வரி தொடங்கும் 125,140-ஐ ஏற்கெனவே தாண்டிவிட்டதால் மேற்கொண்டு எடுக்கும் டிவிடெண்டுக்கு 39.35 சதவீதம் வரி. கையில் 372,000 வர வேண்டுமானால் கம்பெனியிலிருந்து சுமார் 613,000 எடுக்க வேண்டும். இருப்பதோ 420,000. கல்லாவைத் துடைத்து எடுத்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 255,000. அதற்குப் பிறகு எக்ஸ்ரே மிஷின் பழுதானால் நர்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

ஐசாவில் கை வைப்பது வரி விஷயத்தில் சுலபம், எடுக்கும்போது ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் வெளியே வந்த பணம் திரும்ப உள்ளே போக ஆண்டுக்கு 20,000 என்ற வாசல்தான் இருக்கிறது. 280,000-ஐ மறுபடி நிரப்பப் பதினான்கு ஆண்டு ஆகும். அப்போது உங்களுக்கு 62. வீட்டின் மேல் 150,000 கூடுதலாக வாங்கினால், 4.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதம் சுமார் 949 பவுண்டு. வட்டி மட்டும் 77,000-க்கு மேல். தவணை முடியும்போது மகனுக்கு 32 வயது. இந்த யோசனைக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம்.

இனி முதலீடு என்ற வார்த்தை. இந்தக் கார்களின் விலை ஏறுகிறது என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பெயரின் விலை. ராப் டிக்கின்சன் என்ற ஆங்கிலேய ராக் பாடகர் 2009-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிங்கர் நிறுவனம் உங்கள் கார் மாதிரியான 964-களைத்தான் எடுத்துப் புதிதாக்குகிறது. அவர்களுடைய டிஎல்எஸ் வரிசைக்கு ஃபார்முலா 1 பந்தயப் பெயரான வில்லியம்ஸின் பொறியியல் பிரிவு கைகொடுத்தது. 75 கார்தான், எடை ஒரு டன்னுக்குள், விலை பத்து லட்சம் டாலருக்கு வெகு மேலே. அந்தக் கார் கைமாறும்போது வாங்குபவர் காசு கொடுப்பது கார்பனுக்கு மட்டுமல்ல. சிங்கர் என்ற பெயருக்கும், நிறுவனம் வைத்திருக்கும் ஆவணங்களுக்கும், 75-இல் ஒன்று என்பதற்கும்தான். உங்கள் பட்டறையின் கைவேலை அதற்குச் சளைக்காததாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் ரசனைக்குத் தைத்த இருக்கை, நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பச்சை எல்லாம் அடுத்தவருக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை. நாளை விற்கப் போனால் 372,000 திரும்ப வரும் என்று எண்ணிச் செலவழிக்காதீர்கள்.

லாபம் வந்தால் கார் என்பதால் மூலதன ஆதாய வரி கிடையாது, உண்மைதான். அதே சட்டத்தின் மறுபக்கம், நஷ்டம் வந்தால் அதை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. விற்கவென்றே ஒன்றிரண்டு கார் செய்ய ஆரம்பித்தால் அது வியாபாரம், வருமான வரி வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் கால்குலேட்டர் வேலை. எனக்கு உண்மையில் பயம் தருவது அந்த 40 சதவீதம். வாட்டோடு 148,800 பவுண்டை, ஒரு போல்ட் கூடக் கழற்றும் முன்பே கொடுக்கிறீர்கள். வங்கி திவாலானால் 120,000 வரை காப்புறுதி உண்டு, பட்டறை திவாலானால் ஒன்றும் கிடையாது. கிரெடிட் கார்டில் கட்டினால், கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் செக்‌ஷன் 75 காப்பாற்றும் என்பார்கள். அது 30,000 பவுண்டு விலை வரையுள்ள பொருளுக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவரோடு இப்படி ஒரு பட்டறைக்குப் போக நேர்ந்தது. பெயர் வேண்டாம், பட்டறை இப்போது இல்லை. நிர்வாகம் திவால் அதிகாரியின் கைக்குப் போயிருந்தது. உள்ளே பெயின்ட் சுரண்டிய ஐந்து கார்க் கூடுகள் சக்கர வண்டிகளில் நின்றன. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கரில் எண் எழுதியிருந்தார்கள்; இரண்டில் டேப் உதிர்ந்து தரையில் கிடந்தது. அலமாரியில் கியர்பாக்ஸ்கள், பிளாஸ்டிக் டப்பாக்களில் கதவுக் கைப்பிடிகள். எஞ்சின் வெளியே இன்னொரு கடையில், அந்தக் கடைக்காரருக்குப் பட்டறை பாக்கி வைத்திருந்ததால் அவர் தர மறுத்தார். ‘இதில் உங்களுடையது எது, ரசீது இருக்கிறதா?’ என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். என் ஆளிடம் இருந்தது முன்பணத்துக்கான இரண்டு இன்வாய்ஸ். ‘டெபாசிட்’ என்று மட்டும் போட்டிருந்தது. கூட்டை மீட்க நான்கு மாதம் ஆனது. மற்றதற்கெல்லாம், பாக்கி வர வேண்டியவர்கள் வரிசையில் கடைசி இடம்.

அதனால் எந்தத் தொகைக்குச் செய்தாலும் முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மிச்சத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்: கூடு சீராகிப் பெயின்டுக்குத் தயார், எஞ்சின் டெஸ்ட் பெஞ்சில் ஓடியது, கார் சக்கரத்தில் நின்றது என்று கண்ணால் பார்க்கக்கூடிய படிகளாக வையுங்கள். பணம் கட்டிய ஒவ்வொரு பாகமும் அந்த நிமிடமே உங்கள் சொத்து என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும். பாகத்தின் எண் இன்வாய்ஸில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் நேரில் போய்ப் படம் எடுங்கள். லாக்புக் உங்களிடமே இருக்கட்டும், ஆனால் அது காரை வைத்திருப்பவர் யார் என்பதற்குத்தான் ஆதாரம், சொந்தக்காரர் யார் என்பதற்கல்ல. 2009-இல் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். பிரித்துப் போட்ட காருக்கு உங்கள் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் செல்லாது. பட்டறையின் பாலிசியில் ஒரு காருக்கு எவ்வளவு வரம்பு என்று எழுத்தில் வாங்குங்கள். கூட்டை வெட்டி மாற்றினாலும் எஞ்சின் மாறினாலும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் வரட்டும்.

ஹாரோக்காரருக்கு இன்னொன்று. 2023 ஆகஸ்டிலிருந்து உங்கள் தெருவும் யூலெஸ் (அதிகம் புகைவிடும் வண்டிகளுக்குக் கட்டணம்) எல்லைக்குள். இந்தக் காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. காருக்கு நாற்பது வயது ஆகி, இந்தக் கட்டணம் இல்லாத ஹிஸ்டாரிக் வகைக்கு 2032 ஏப்ரலில்தான் போக முடியும், அதுவும் இன்றைய விதி மாறாமல் இருந்தால். மூன்றே முக்கால் லட்சத்தின் முன் இது சில்லறைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எரிச்சலூட்டும் சில்லறை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் காரை விற்றுவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன் என நினைக்க வேண்டாம். பதினாறு வருடம் வைத்திருக்கிறீர்கள், நாற்பது வயதில் வந்த பித்து இல்லை. ஆசைக்கு ஒரு அளவு போடுவோம், அவ்வளவுதான்.

எடையைக் குறைப்பதில் முதல் நூறு கிலோ மலிவு, கடைசி ஐம்பது கிலோதான் சொத்தை விழுங்கும். போர்ஷேயே இதைச் செய்து காட்டியிருக்கிறது. சாதாரண கரேரா 2 சுமார் 1,350 கிலோ. அதையே பின்சீட், ஏசி, சத்தம் தடுக்கும் பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து, மெல்லிய கண்ணாடியும் மக்னீசியம் வீலும் போட்டு, சுமார் 1,220 கிலோவில் கரேரா ஆர்எஸ் என்று விற்றார்கள். அதில் கார்பன் பாடி எதுவும் இல்லை. உங்கள் டிப்ட்ரானிக் ஒரு வகையில் அதிர்ஷ்டம்: அசல் மேனுவல் காரைப் பிரித்தால் மதிப்பு போகும், ஆட்டோமேட்டிக்கைப் பிரித்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அதே பட்டறையிடம், இரும்புக் கூட்டைத் தொடாமல், எஞ்சின் ஓவர்ஹால், மேனுவல் கியர், சஸ்பென்ஷன், ஆர்எஸ் பாணி எடைக்குறைப்பு, வாட் சேர்த்து ஒரு லட்சம் பவுண்டுக்குள் என்னென்ன முடியும் என்று கேளுங்கள். கழற்றிய சீட்டையும் பட்டைகளையும் தூக்கிப் போடாமல் அட்டிக்கில் வையுங்கள். பின்னால் விற்கும்போது வேண்டியிருக்கும்.

ஒரு லட்சம் என்றால் வழி இருக்கிறது. இரண்டு வரி ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000 டிவிடெண்ட் கூடுதலாக எடுத்தால் கையில் 60,650. ஐசாவிலிருந்து 40,000. கம்பெனியில் இன்னும் 320,000 நிற்கும். அதிலிருந்து பென்ஷனுக்குக் கம்பெனியே கட்டட்டும், ஆண்டு வரம்பு 60,000. உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் 340,000 என்பது குறைவு, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். வீட்டின் மேல் ஒரு பென்னியும் வேண்டாம்.

எந்தத் திட்டமானாலும் பட்டறைக்குப் போகும் முதல் மின்னஞ்சலில் இந்த ஒரு கேள்வி இருக்கட்டும்: நீங்கள் சொல்லும் 1,100 கிலோ எண்ணெய், பேட்டரி, நிறைந்த பெட்ரோல் டேங்க் எல்லாம் சேர்த்தா, உலர்ந்த எடையா? நான்கு சக்கரத்தையும் தராசில் ஏற்றி என் முன்னால் நிறுத்துக் காட்டுவீர்களா, கூடினால் கிலோவுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்? பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்தாலே அறுபது எழுபது கிலோ ஓடிவிடும், அந்தக் கிலோக்களுக்குத்தான் நீங்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கப் பார்த்தீர்கள். பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். முன்பணம் அதுவரை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.